நாலு சக்கரமும் ஒரு ட்ரயல் பேலன்ஸும்

கார் ரேஸ் என்றாலே பெரிய வீட்டுப் பிள்ளைகள் சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தில் அது வளர்ந்த கதை கொஞ்சம் வேறு மாதிரி. கையில் காசில்லாதவர்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய காரைப் பிரித்துப் போட்டு வளர்த்த விளையாட்டு அது. நடுவில் வரிச் சட்டமும் வருகிறது என்பதால், என் போன்ற பி.காம். ஆசாமிக்கும் இதில் பேச இடம் உண்டு :-)

ஆஸ்டின் செவன் என்று ஒரு குட்டிக் கார். எஞ்சின் 747 சிசி. அதை வைத்திருந்தவர்களுக்காக 1939-ல் ஆரம்பித்ததுதான் 750 மோட்டார் கிளப். உலகப்போர் முடிந்தபோது அந்தப் பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எடையைக் குறைத்து ரேஸ் விட ஆரம்பித்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்த கோலின் சாப்மன் 1948-ல் தன் காதலி ஹேசல் வீட்டுப் பின்பக்கம் இருந்த கொட்டகையில் அப்படி ஒன்றைக் கட்டினார். 1952-ல் லோட்டஸ் கம்பெனி தொடங்க அவருக்குக் கிடைத்த முதல், அதே ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டு. (அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை. எங்கள் பிராஞ்சுக்கு வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்போம்.) 1963-ல் அந்தக் கம்பெனிக்கு ஃபார்முலா ஒன் பட்டம்.

1957-ல் லோட்டஸ் செவன் வந்தது. இரும்புக் குழாய் சட்டம், மேலே அலுமினியத் தகடு, அவ்வளவுதான். அப்போது அங்கே முழுக் காராக வாங்கினால் மொத்த விலையின் மேல் 60 சதவீதம் பர்ச்சேஸ் டாக்ஸ். உதிரி பாகமாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது! பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதால், 'கழற்றும் முறை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள், வாங்கினவர் அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்மூர் ஆடிட்டர்கள் தோற்றார்கள் போங்கள்.

சரி, பூட்டியாயிற்று. இனிமேல்தான் விஷயமே.

வீட்டில் வெல்டிங் வைத்த சட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது முறுக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்குகளும் ஒரே உயரம் இருக்காது. ஹோட்டலில் ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைப்போமே, அப்போது அந்தக் காலும் அதற்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் லேசாகிவிடும். காரிலும் அதேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். டிரைவரோடு சேர்த்து 560 கிலோ உள்ள கார். முன் இடது 126, முன் வலது 150, பின் இடது 154, பின் வலது 130. இடப்பக்கம் கூட்டினால் 280, வலப்பக்கம் 280. முன்னால் 276, பின்னால் 284. ஆகா, டேலி! ஆனால் மூலைக்கு மூலை கூட்டிப் பாருங்கள். முன் இடதும் பின் வலதும் 256, முன் வலதும் பின் இடதும் 304.

நாற்பத்தெட்டு கிலோ வித்தியாசம். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கில் தப்பில்லை என்று சொல்ல முடியாது என்று காலேஜில் படித்தது எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது. இந்தக் கார் இடது பக்கம் திரும்பும்போது மூக்கு வெளியே போகும், வலது பக்கம் திரும்பினால் வால் வெளியே வரும். அழுத்தி பிரேக் பிடித்தால் பாரம் குறைந்த முன் இடது சக்கரம் முதலில் நின்றுபோய் வழுக்கும்.

ஸ்பிரிங்குக்கு அடியில் மரை போட்ட ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகி ஏற்றி இறக்கினால் 138, 138, 142, 142 என்று கொண்டுவரலாம். இடது வலது கூட்டுத்தொகையோ, முன் பின் கூட்டுத்தொகையோ இதனால் மாறாது. அதை மாற்ற பாட்டரியையோ பெட்ரோல் டேங்கையோ இடம் மாற்றித்தான் ஆகவேண்டும். வளையம் மாற்றுவது மூலைக்கு மூலை கணக்கை மட்டும்.

இதை எடைபோட அந்தக் காலத்துக் கொட்டகைக்காரர்களிடம் என்ன இருந்தது? பாத்ரூம் தராசு. 150 கிலோவை அது தாங்காது. அதனால் ஒரு பலகை, ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை தராசு மேல், சக்கரம் நட்ட நடுவில். தராசு காட்டுவதை இரண்டால் பெருக்கி, பலகையின் பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டியது. மற்ற மூன்று சக்கரங்களும் அதே உயரத்தில் நிற்கவேண்டும். நம் கொத்தனார் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, அதுதான் சரியான கருவி. டிரைவர் சீட்டில் அவர் எடைக்கு மூட்டை வைத்து, டயர் காற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு காரைக் குலுக்கி உட்காரவைத்து, திரும்ப அளந்து... ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூகே இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த ஸ்ட்ரெயின் கேஜ்தான் பின்னாளில் எலக்ட்ரானிக் தராசாகி, நாலு சக்கரத்துக்கும் நாலு தட்டு வைத்து ஒரே பார்வையில் படிக்க வழி செய்தது.

வட்டப் பாதையில் இடப்பக்கம் மட்டுமே திரும்பும் அமெரிக்க ஸ்டாக் கார்க்காரர்கள் இந்த மூலைக் கணக்கை வேண்டுமென்றே சமமில்லாமல் வைப்பார்கள். ரேஸ் நடுவில் காரை நிறுத்தி, பின்கண்ணாடி பக்கமாக நீளமான ஸ்பானரை விட்டு ஒரு சுற்று திருகி அனுப்புவதும் உண்டு.

1973-ல் இங்கிலாந்தில் வாட் வந்தது, அந்த வரிச் சலுகை போனது. லோட்டஸ் செவனைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாம் கம்பெனிக்குப் போனதும் அதே வருஷம். 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் கார் கட்டுவது எப்படி என்று புத்தகமே போட, மறுபடியும் கொட்டகைகளில் வெல்டிங் பொறி பறந்தது.

நம் பக்கத்தில் இந்த வழியில் யோசித்தவர் கோவை கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் உள்ள டிராக்கில்தான் இப்போது நாடு முழுவதிலுமிருந்து எஞ்சினியரிங் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள்.

ஆகவே, புனேயிலோ நாக்பூரிலோ காலேஜ் படிக்கும் உங்கள் பையன் ஒரு நாள் வீட்டு எடை மெஷினையும் இரண்டு அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு போனால் கோபப்படாதீர்கள். பொன்னி அரிசியை மட்டும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே அது கிடைப்பது லேசில்லை.