கூனன் குரிசும் பள்ளியோகமும்

1653 ஜனவரி 3ஆம் நாள் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில் திரண்ட தோமா கிறித்தவர்கள், சேசு சபையினருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சூளுரைத்தனர். சிலுவையைத் தொட இயலாதோர் அதிற்கட்டிய கயிறுகளைப் பற்றி நின்றனர் என்றும், இழுவிசையால் சிலுவை சாய்ந்தது என்றும் மரபு கூறும். கூனன் குரிசு என்னும் பெயர் அதனால் வந்தது. அச்சூளுரை ரோமாபுரியையே மறுத்ததா, போர்த்துக்கீசியப் பாதிரிமாரை மட்டுமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முதன்மையாகத் தோன்றும் வினா வேறு: 1599இல் கோவாப் பேராயர் மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர் மாமன்றம் இவர்தம் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு இவர்கள் பொறுத்திருந்தது ஏன்?

விடை பள்ளியோகத்தில் இருக்கிறது. (மலையாளத்தில் தேவாலயம் பள்ளி எனப்படும், நம் கல்வெட்டுகளின் சமணப் பள்ளியை நினைவிற்கொள்க.) ஊர்க் குடும்பத் தலைவர்களும் குருமாரும் கூடிய இவ்வவையே பள்ளிச் சொத்தை ஆண்டது. ஒருவன் குருப்பட்டம் பெற வேண்டுமாயின் ஊரார் இசைவைக் காட்டும் தேசக்குறி வேண்டும். இவ்வூரவைகளுக்கெல்லாம் மேலே, மண்ணின் மைந்தரான அர்க்கதியாக்கோன் சமூகத் தலைவராய் விளங்கினார். கொள்கைத் திருத்தங்களைச் சகித்தவர்கள், அவர்தம் அதிகாரத்தை இலத்தீன் ஆயர்கள் படிப்படியாகக் குறைத்ததைச் சகிக்கவில்லை. 1652இல் மயிலாப்பூரில் வந்திறங்கிய அகத்தல்லா என்னும் கீழைநாட்டு ஆயரைப் போர்த்துக்கீசியர் தடுத்துவைத்ததும், அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்று பரவிய வதந்தியும் எரியும் நெருப்பில் நெய்யாயின.

அடுத்த ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றன. ஆலங்காட்டில் பன்னிரு குருமார் கைவைத்து அர்க்கதியாக்கோனை ஆயராக்கினர். ரோமாபுரியும் பாடம் கற்றது: ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றிய 1663இல், உள்ளூரினரான பறம்பில் சாண்டியே ஆயராக்கப்பட்டார். பள்ளிகள் பல அவர்பால் திரும்பின. எஞ்சியோர் 1665இல் வந்த மார் கிரிகோரியோஸை ஏற்றனர். அவரோ அந்தியோக்கிய மரபினர். இவர்தம் முன்னோர் போற்றிய கீழைச் சுரியானி மரபுக்குக் கிறித்துவின் இயல்பு பற்றிய கொள்கையில் நேர் எதிரானவர்! வழிபாட்டு முறை மாறப் பல தலைமுறைகள் சென்றன.

சில ஊர்களில் பிரிந்த இருசாராரும் ஒரே பள்ளியை முறைவைத்து நெடுங்காலம் பகிர்ந்துகொண்டனர். ஊரார் கட்டிய பள்ளியை எத்தரப்பும் விட்டுப்போக ஒருப்படவில்லை.