குச்சவெளியில் தடவோட்டம்

தார் வீதியை விட்டு விலகி மணலிலும் மண்ணிலும் காட்டுத் தடத்திலும் ஓடுவதே தடவோட்டம். ட்ரெயில் ரன்னிங் என்ற பெயரில் பரவிய இந்த ஓட்டத்தை 2015இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் தன் ஓட்ட வகைகளுள் ஒன்றாக ஏற்றது. 2013இல் அமைந்த சர்வதேசத் தடவோட்டச் சங்கத்தின் வரையறைப்படி, ஒரு தடத்தில் தாரும் கொங்கிறீட்டும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி வழியாகப் புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறக்குறைய 35 கி.மீ. சென்றால் குச்சவெளி வரும். கிழக்கே கடல், மேற்கே களப்பு, உப்புத்தரை, வயல், குளம், அதற்கும் அப்பால் வறள்வலயக் காடு. ஓடுவோருக்கென்று அம்புக்குறியும் கிலோமீட்டர் கல்லும் நட்ட தடம் இங்கே கிடையாது. தடத்தைத் தேர்வதும் காப்பதும் ஓடுபவரின் பொறுப்பு.

கடினத்தை அளத்தல்

சர்வதேசச் சங்கம் கடினத்தை ஓர் எளிய கணக்கால் அளக்கிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 கூட்ட வேண்டும். 20 கி.மீ. ஓடி 1,000 மீட்டர் ஏறினால் 30 வரும். 25க்குக் கீழே வருபவை ஏழு பிரிவுகளில் மிகச் சிறியவை. 210ஐ எட்டுபவை மிகப் பெரியவை. மலைநாட்டுக்கு இது நல்ல அளவுகோல். கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களூடாகச் செல்லும் பீக்கோ தடத்தின் 22 கட்டங்களையும் இந்தக் கணக்கால் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குச்சவெளியில் இதே கணக்கு ஆளை ஏமாற்றிவிடும். கடலோரமாக 20 கி.மீ. ஓடினாலும் மொத்த எண் 21ஐத் தாண்டாது; பட்டியலின்படி அது மிக இலகுவான தடம். அதே தடம் ஆனி மாதத்துக் காலை பத்து மணிக்கு, நிழலே இல்லாமல், காலடி புதையும் மணலில் நன்கு பழகிய ஓட்டக்காரரையும் வீழ்த்தும். மணலில் நடப்பதையும் ஓடுவதையும் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து 1998இல் வெளியிட்ட முடிவின்படி, இறுகிய தரையில் ஓடுவதைவிட மென்மணலில் ஓட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. அப்படிப் பார்த்தால் இங்கே 10 கி.மீ. மணல் உடலுக்கு 16 கி.மீ. வீதி. இதன்மேல் வெயிலின் கணக்கு வேறு.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே அதிகம் உதவும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் 20 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பின் வந்த மலையேற்ற விதிகள் தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாக வகுத்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 தடங்களை இந்த வகைப்பாட்டோடு திறந்தது; தீக் காலத்தில் அவை மூடப்படுகின்றன. தடம் ஒன்றுதான், ஆனால் பருவத்துக்குப் பருவம் அது வேறாகிறது என்பதை இந்த மூடல் ஒப்புக்கொள்கிறது. குச்சவெளித் தடங்களையும் பருவத்தை வைத்தே தரம் பிரிக்க வேண்டும்.

கச்சானும் வாடையும்

வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் கச்சான் காற்று மேற்கிலிருந்து காட்டுச் சூட்டை அள்ளி வரும். கடல் அமைதியாகக் கிடக்கும். களப்பு வாய்கள் பல மணல் மூடிக் கிடக்கும். கரைத் தடத்துக்கு இதுவே காலம், ஆனால் விடியலில் மட்டும். ஐப்பசி முதல் தை வரை வாடை. மழையோடு கடல் ஏறும், மணற்கரை ஒடுங்கும், களப்புகள் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரையேறியது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் வழக்கம். திறந்த கடற்கரையில் அந்நேரம் நிற்பதே ஆபத்து.

மாசி முதல் சித்திரை நடுப்பகுதி வரையான காலைகளே கரை, உள்நிலம் என்ற இரு வகைத் தடத்துக்கும் ஒருசேர ஒத்துவருபவை.

கரைத் தடம்

பழகாதவர் தொடங்க வேண்டிய இடம் குச்சவெளி ஊர்க் கடற்கரை. ஒரு பக்கமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வந்த வழியே திரும்பினால் போதும். எந்த இடத்திலும் வீதி பக்கத்திலேயே இருக்கும், களைத்தால் ஏறிவிடலாம். ஊரை ஒட்டிக் கடலுக்குள் நீளும் பாறைமுனையில் பழைய பௌத்தத் தலத்தின் சிதைவுகளும் சமஸ்கிருதக் கல்வெட்டும் இருப்பதால், அங்கே ஓட்டத்தை நிறுத்தி நடப்பதே முறை.

இலங்கைக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அலை நனைத்து இறுகிய மணல் ஒடுங்கிய கீற்றாகத்தான் கிடைக்கும், அதுவும் கடல் பக்கம் சரிந்திருக்கும். வடக்கு நோக்கி ஓடினால் கடல் வலப்புறம். வலக்கால் ஒவ்வோர் அடியிலும் தாழ்ந்து விழும், இடுப்பும் முழங்காலும் அதற்கு ஈடுகொடுக்கும். வந்த வழியே திரும்புவதில் உள்ள நன்மை இதுதான்: சுமை மறுகாலுக்கு மாறும். ஒரே திசையில் நிலாவெளி வரை ஓடிப் பேருந்தில் திரும்பும் ஆசை, முதல் மாதத்திலேயே முழங்காலின் வெளிப்புறத்தில் வலியாக வந்து நிற்கும்.

விடியலில் கரைவலை இழுக்கும் இடங்களை மதிக்க வேண்டும். வலையின் இரு கயிறுகளும் கடலிலிருந்து மணலைக் குறுக்கறுத்து வரும். தளர்ந்து மணலில் கிடக்கும் கயிறு, இழுவை தொடங்கியதும் நொடியில் முழங்கால் உயரத்துக்கு விறைத்து எழும். அதைத் தாண்டிக் குதிப்பவர் கால் முறியவும், இழுப்பவர்கள் நிலைகுலையவும் இடமுண்டு. இழுப்பவர்களின் பின்னால், வாடிகளின் பக்கமாகச் சுற்றி நடந்து கடப்பதே சரி. அவர்களின் தொழில் நேரம் அது, ஓடுபவர் விருந்தாளி.

நடுத்தரத் தடம் என்று சொல்லத்தக்கவை கும்புறுப்பிட்டிக்கும் குச்சவெளிக்கும் இடையிலான நீண்ட கரை ஓட்டமும், குச்சவெளிக்கு வடக்கே புடவைக்கட்டுப் பக்கம் போவதும். இங்கே களப்பு வாய்களே சோதனை. ஒரு காலத்தில் பாதை என்னும் மிதவையில் வண்டிகளை ஏற்றிக் கடந்த இந்த வீதியில் உள்நாட்டுப் போருக்குப் பின் பாலங்கள் வந்துவிட்டன. முழங்கால் நீர்தானே என்று வாயில் இறங்குபவர், களப்பு வற்றும் வேளையின் இழுப்பையும் அடிமணல் சரிவதையும் அறியாதவர். கண்டல் சூழ்ந்த கழிகளில் முதலையும் உண்டு. வாய் திறந்திருந்தால் வீதிக்கு ஏறிப் பாலத்தால் கடக்க வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

உள்நிலத் தடம்

திரியாயில் கந்தசாமிமலை என்னும் தாழ்ந்த குன்றின் மேல் கிரிஹண்டு சேய எனப்படும் வட்டதாகெய் (தாதுகோபத்தைச் சூழ்ந்த வட்டக் கட்டடம்) நிற்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டும் அருகில் உண்டு. அந்த வளாகம் வழிபாட்டிடம். செருப்பையும் தொப்பியையும் கழற்றி நடந்தே ஏற வேண்டும். அதைச் சுற்றிய குளக்கட்டுகள், வயல் வரம்புகள், கிரவல் வீதிகள் ஓடுவதற்கு இதமானவை. இறுகிய மண், ஓரத்தில் மரநிழல். காலுக்கு இதமான இந்தத் தடங்களையே கடினம் என்ற வகையில் வைக்க வேண்டும். காரணம் யானை.

2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. வறள்வலயமே அவற்றின் வாழிடம். மாலை மங்கியதும் வயலுக்கும் குளத்துக்கும் இறங்கி, விடிந்ததும் காட்டுக்குத் திரும்பும். கரைத் தடத்தில் வெயிலுக்கு அஞ்சித் தேர்ந்தெடுக்கும் ஐந்தரை மணிதான் உள்நிலத்தில் மிக மோசமான நேரம். வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஏழு மணிக்குமேல் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும் என்றால் தூரம் தானாகவே குறைந்துவிடும். அந்தக் குறைவை மனமார ஏற்பவரே உள்நிலத்தில் ஓடத் தகுதியானவர். யானை மணிக்கு 25 கி.மீ. வரை விரையும், வரம்பில் ஓடும் மனிதரால் முந்த முடியாது.

செய்யக்கூடியவை தெளிவானவை. முதல் நாள் மாலை ஊர்க் கடையிலோ கிராம அலுவலரிடமோ, இரவு யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கேட்க வேண்டும். ஊர் ஆள் ஒருவர் உடன் வர வேண்டும். காதில் இசைக்கருவி கூடாது. ஆவி பறக்கும் பிண்டம், புதிதாய் முறிந்த கிளை, ஈரம் காயாத சேற்றுத் தடம் கண்டால் அங்கேயே திரும்ப வேண்டும். மின்வேலிக்கு உட்புறமாக ஓடுவது ஓரளவு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு அல்ல.

வரம்புகளில் கண்ணாடிப் புடையன் கிடக்கும். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

போர் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அச்சம் முழுதாக நீங்கவில்லை. மிதிவெடி தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. புதைந்தவற்றை அகற்றி முடிக்க 2028 வரை தவணை உண்டு. ஆட்கள் நடந்து தேய்ந்த வழியை விட்டு விலகிப் பற்றைக்குள் நுழையாமல் இருப்பது இப்பிரதேசத்தில் பழக்கமாகவே வேண்டும். வெள்ளம் வடிந்த பின் புதிதாகத் தெரியும் உலோகப் பொருளைத் தொடாமல் காவற்துறைக்கு அறிவிக்க வேண்டும். கடற்படை முகாம்களின் ஓரம் படம் எடுப்பதும் குறுக்கே ஓடுவதும் கூடாது. காணி யாருடையது, வனத் திணைக்களத்துக்கா தொல்லியல் திணைக்களத்துக்கா உழவருக்கா என்பது இங்கே பலர் வாழ்வைத் தொடும் கேள்வி. வேலியைத் தாண்டும் முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

நீர், உதவி, திரும்பும் நேரம்

மணிக்கு அரை லீற்றர் அளவில் நீர் போதும். வியர்வை மிகுந்தோர் சற்றுக் கூட்டலாம். வெறும் நீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு தாழ்ந்து ஆபத்தாகும். ஜீவனி என்னும் நீரூட்டு உப்புத்தூள் பொட்டலம் ஒன்று பையில் இருப்பது நல்லது. ஓடுபவரின் பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அதை வெப்பவாதமாகவே கருத வேண்டும். முதலில் நீரூற்றி, விசிறிக் குளிர வைக்க வேண்டும். வண்டி அதற்குப் பிறகு.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. போட்டியில் குளிர்மழையும் காற்றும் அடித்து 21 ஓட்டக்காரர்கள் இறந்தனர். காற்றுத் தடுப்பு மேலங்கி அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. குச்சவெளியில் அந்த மேலங்கியின் இடத்தில் இருப்பவை தொப்பி, நீர், நிரம்பிய மின்கலத்தோடு கைத்தொலைபேசி. புறப்படும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாதி நேரம் கழிந்ததும், நினைத்த இடத்தை எட்டாவிட்டாலும், திரும்ப வேண்டும். அவசர அம்புலன்ஸ் 1990, காவற்துறை 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பெரிய சிகிச்சைக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே போக வேண்டும். அந்த 35 கி.மீ. வீதியின் நேரத்தையும் ஓட்டத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.