சேன் ஆற்றில் நம்மூர் நீலம்

லாசப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இருக்கும் சேலைக் கடை ஒன்றில் என் அம்மா பல வருடம் வேலை செய்தவர். துணியைக் கண்ணால் பார்த்து அவருக்குத் திருப்தி வராது, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கவேண்டும். 2023 கோடையில் அவரைப் பாரிஸிலிருந்து ஓன்ஃப்ளேர் வரை போகும் ஆற்றுக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனேன். கப்பலில் எங்களைத் தவிரத் தமிழர் இல்லை. என்னை விட்டால் நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களும் இல்லை!

சேன் நேராக ஓடும் ஆறல்ல. ரயிலில் ரூவானுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர், ஆற்றில் போனால் 240. அவ்வளவு வளைவு. லேஸ் ஆந்தெலி என்ற ஊரில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே ஷாத்தோ கையார் கோட்டை இடிந்து நிற்கிறது. இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட் 1196இல் தொடங்கி இரண்டே வருடத்தில் கட்டியது. 1204இல் பிரெஞ்சு அரசன் பிலிப் அதைப் பிடித்தான், அதோடு நோர்மண்டியும் போயிற்று. ரூவானில் 1431இல் ஜான் தார்க்கை எரித்துச் சாம்பலை இதே ஆற்றில் கொட்டினார்கள். இதெல்லாம் நீங்களும் பள்ளியில் படித்ததுதான். வழிகாட்டியும் அதைத்தான் சொன்னார்.

ரூவானில் பழைய வியாபாரிகளின் வீடுகளைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "தம்பி, உவையளுக்கு இவ்வளவு காசு எங்காலை வந்தது?"

துணியால் வந்தது, அம்மா. முதலில் கம்பளி, பதினெட்டாம் நூற்றாண்டில் பருத்தி. அந்தப் பருத்திக் கதையில்தான் நாங்கள் வருகிறோம்.

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறியபின், சோழமண்டலக் கரையின் சாயத் துணி பிரான்சுக்கு நிறைய வந்தது. அதற்கு இங்கே "அன்தியென்" என்று பெயர். துவைத்தாலும் சாயம் போகாத துணியை ஐரோப்பியர் அதற்குமுன் அதிகம் கண்டதில்லை. எல்லோரும் அதையே வாங்க, உள்ளூர் நெசவாளர் கத்த, 1686இல் அரசன் தடை போட்டான். தடை 1759 வரை இருந்தது. ஆனாலும் ஆட்கள் ஒளித்து வாங்கினார்கள், உடுத்தார்கள்.

இடையில் கெர்தூ என்ற யேசுசபைப் பாதிரியார் 1742இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களாக மாறியிருந்த சாயக்காரரிடம் கேட்டு, துணியைத் தோய்ப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாவற்றையும் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். நான் மென்பொருள் வேலை செய்பவன். எங்கள் தொழிலில் இதை என்னவென்று சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. அந்தச் சாயவேர் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்திலும் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதற்குத் தனியுரிமை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் உடனே பிடிபட்டது.

தடை நீங்கியதும் ரூவானைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் அச்சடிக்கும் சாலைகள் பெருகின. நம்மவர் கையால் எழுதிய பூக்களை அவர்கள் மர அச்சால் அடித்தார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் பெருமையாக இருக்கும். ஆனால் புதுச்சேரியிலிருந்து இன்னொரு துணியும் வந்தது: அவுரியில் தோய்த்த நீலத் துணி. பிரெஞ்சுக்காரர் அதைக் "கினே" என்றார்கள், ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் விற்றதால். ல ஹாவ்ர், ஓன்ஃப்ளேர் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போயின, பல பயணங்களுக்கு ரூவான் வியாபாரிகள் முதல் போட்டார்கள். அங்கே மனிதரை வாங்கக் கொடுத்த சரக்கில் பெரும்பங்கு துணி. இந்தியத் துணிக்குத்தான் அங்கே மதிப்பு, பிறகு ரூவானில் அதன் நகலையும் நெய்தார்கள். வாங்கப்பட்டவர்கள் கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். சீனி திரும்பி இந்த ஆற்றுக்கு வந்தது.

நெய்தவருக்கும் தோய்த்தவருக்கும் அது எதற்குப் போகிறதென்று தெரிந்திருக்குமா? கூலிக்கு வேலை செய்தவர்கள், தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பொதி கட்டி அனுப்பிய நம் பெரிய வியாபாரிகளைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓன்ஃப்ளேரின் பழைய துறைமுகம் ஓவியம் போல இருக்கும், மோனே வரைந்த ஊர்தானே. அந்த வருடம் ஓன்ஃப்ளேர், ல ஹாவ்ர், ரூவான் மூன்றும் சேர்ந்து நோர்மண்டியின் அடிமை வணிகம் பற்றிக் கண்காட்சி வைத்திருந்தன. அம்மா அதை முழுதாகப் பார்த்தார். வெளியே வந்து படகுகளுக்கு முன்னால் நின்றோம். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "பிறகு பாப்பம்" என்றார்.

நீங்கள் போகக் கப்பல் காசு தேவையில்லை. சேன்-லசாரில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ரூவான். அங்கிருந்து பேருந்தில் நோத்ர்-தாம்-து-போந்தவீல் போங்கள். கோர்தெரி வலுவா என்ற பழைய ஆலை இப்போது அருங்காட்சியகம். தண்ணீர்ச் சக்கரம் இன்னும் சுற்றுகிறது. அந்தப் பக்கத்துப் பருத்தித் துணிகளின் கதை அங்கேதான் இருக்கிறது. முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.