அளந்தவர் யார்?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்ததுண்டா? பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரால் அந்தப் பேரேரி நிறைந்துவிட்டால், அக்கரைப் பனைமரம் விரலளவாய்த் தெரியும். "அது எவ்வளவு தொலைவு?" என்று என் மாணவர்களைக் கேட்டேன். "ஆண்டவனுக்கே வெளிச்சம்" என்றான் ஒருவன். ஆண்டவனுக்குத் தொல்லை தர வேண்டாம், ஒரு முக்கோணம் போதும் என்றேன்.

கரை நேராக அமைந்த ஓரிடத்தில் 200 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் முளை அடிக்கிறோம். முதல் முளையிலிருந்து மரத்தை நோக்கினால் கரையோடு 90 பாகை. இரண்டாம் முளையிலிருந்து 80 பாகை என்று கொள்வோம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 ஆதலின், மரத்தடிக் கோணம் 10. ஒவ்வொரு பக்கமும் தன் எதிர்க்கோணத்தின் சைன் மதிப்போடு ஒரே விகிதத்தில் நிற்கும் என்பது விதி. 200-ஐச் சைன் 80-ஆல் பெருக்கிச் சைன் 10-ஆல் வகுத்தால், முதல் முளைக்கும் மரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,134 மீட்டர். கால் நனையாமலே ஏரியை அளந்துவிட்டோம்! ஆனால் 80 பாகையை 81 என்று தவறாகப் படித்திருந்தால்? விடை 1,263 ஆகிவிடும். ஒரு பாகைப் பிழை நூறு மீட்டருக்கு மேற்பட்ட பொய்யைப் பெற்றெடுக்கிறது. நம்புகிறவனுக்கு இது கவலையில்லை. அளக்கிறவனுக்கு இதுவே கவலை.

இந்தக் கவலையோடு ஒரு நாட்டையே அளந்த வரலாறு நம் மண்ணில்தான் தொடங்கியது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின், கைப்பற்றிய நிலத்தின் பரப்பும் பாதையும் கும்பினி ஆட்சிக்குத் தேவைப்பட்டன. படை நடத்தவும் வரி வாங்கவும் வரைபடம் வேண்டுமல்லவா? 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். 100 அடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை கிடத்தி, 57 நாட்களில் அளந்து முடித்தனர். சங்கிலியின் வேலை அத்தோடு பெரும்பாலும் ஓய்ந்தது. அப்பால் கோணங்களின் ஆட்சி. தெரிந்த ஒரு பக்கத்திலிருந்து தெரியாத இரு பக்கங்கள், அவற்றின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று. இப்படிக் குன்றுக்குக் குன்று தாவி மேற்குக் கடற்கரையை எட்டியபோது, பழைய படங்கள் 400 மைல் என்று காட்டிய தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான் என்பது தெரிந்தது. நாற்பது மைல் கற்பனை நிலம் முக்கோணத்தின் முன் மறைந்தது!

ஆனால் அந்த முக்கோணங்களைத் தோளில் சுமந்தவர்கள் யார்? கோணம் பார்த்த தியோடலைட்டு அரை டன் எடை. அதை மலையுச்சிகளுக்குத் தூக்கிச் சென்ற தோள்கள் வெள்ளையர் தோள்கள் அல்ல. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றுகையில் மோதி நொறுங்கியதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. லாம்டன் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டதையும் எழுதி வைத்திருக்கிறது. கயிறு இழுத்தவர் பெயரை எழுதவில்லை.

பெயர் தெரிந்தவருக்கும் அதே கதி நேர்ந்தது. வங்கத்தின் இராதாநாத் சிக்தார் 1831-இல் இந்த நில அளவையில் கணக்கராகச் சேர்ந்தவர். பழமையை எதிர்த்துக் கேள்வி கேட்ட டெரோசியோவின் மாணவர். 1843-இல், அளவைக் கூலியாட்களைத் தன் மூட்டை சுமக்க வைத்த வெள்ளை நீதிபதியை எதிர்த்து நின்று, 200 ரூபாய் தண்டம் கட்டினார். பின்னாளில் தலைமைக் கணக்கராக இருந்து, நூறு மைலுக்கு அப்பாலிருந்து பார்த்த கோணங்களைக் கொண்டு பதினைந்தாம் எண் சிகரத்தின் உயரத்தைக் கணித்தார். 1856-இல் வெளிவந்த விடை 29,002 அடி. 2020-இல் அறிவித்த 8,848.86 மீட்டரோடு ஒப்பிட்டால் வேறுபாடு 30 அடிகூட இல்லை! ஆனால் சிகரத்துக்குக் கிடைத்த பெயர் எவரெஸ்ட். 1843-இலேயே ஓய்வு பெற்றுவிட்ட அதிகாரியின் பெயர். சிக்தார் கணிதப் பகுதி எழுதிக் கொடுத்த நில அளவைக் கையேட்டின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், 1870-இல் மறைந்துவிட்ட அவருடைய பெயரே காணாமற் போயிற்று.

தோழர்களே, முக்கோணம் எவரிடமும் குலம் கேட்பதில்லை. தோல் பதனிடும் கூலியின் மகன் அளந்தாலும், கோட்டையில் இருப்பவன் மகன் அளந்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைதான். குலம் கேட்பவர்கள் மனிதர்கள். பெயரை அழிப்பவர்களும் மனிதர்கள். "கணக்கு நமக்கு வராது" என்று நம் பிள்ளைகளின் காதில் ஓதியவர்களும் மனிதர்களே. அந்தப் பொய்யை வாதத்தால் மட்டும் வெல்ல முடியாது. ஒரு நாடாவையும் ஒரு கோணமானியையும் எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகள் ஏரிக்கரைக்கு வரட்டும். அளக்கட்டும், பிழைத்தால் மீண்டும் அளக்கட்டும். விடை கிடைத்ததும், அதன் அடியில் தங்கள் பெயரை மறவாமல் எழுதட்டும்!