கடவுச்சொல்லிலிருந்து கைரேகைக்கு

1961 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை உருவானது. ஒவ்வொருவரின் கோப்புகளையும் தனித்துக் காக்க, பெர்னாண்டோ கோர்பட்டோ அதில் கடவுச்சொல்லைப் புகுத்தினார். அடுத்த ஆண்டே, கூடுதல் கணினி நேரம் தேவைப்பட்ட ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், அனைவரின் கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்படும் இரகசியம் களவுபோகும் என்பது அன்றே தெரிந்தது.

2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ் கைரேகை உணரியுடன் வெளிவந்தது. சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகம், கண்ணாடியில் பதிந்த ரேகையை ஒளிப்படமெடுத்து, போலி ரேகை செய்து, அதனைத் திறந்து காட்டியது.

களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. ஆகவே இத்தகைய திறன்பேசிகளில் ரேகையின் கணித வடிவம் மட்டும் கருவிக்குள்ளேயே தனியாகப் பூட்டி வைக்கப்படுகிறது, வலைத்தளங்களுக்கு அனுப்பப்படுவதில்லை.

2022 இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் ஆகியவை ஆதரவை விரிவாக்க முன்வந்த 'கடவுச்சாவி' முறையும் இவ்வாறானதே. விரல் கருவியிலுள்ள மறைசாவியை இயக்குகிறது. வலைத்தளத்திடம் பொதுச்சாவி மட்டுமே இருக்கும். அது களவுபோனாலும் அதைக்கொண்டு கணக்கில் நுழைய இயலாது.

எனினும் கடவுச்சொல் முற்றிலும் மறையவில்லை. திறன்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினால், அது முதலில் கேட்பது பழைய கடவு எண்ணையே.