குடியிருப்போர் நலச் சங்கம்

குடியிருப்போர் நலச் சங்கம் என்பது ஒரு தெரு, நகர் அல்லது மனைப்பிரிவில் வாழும் மக்கள் தமது பகுதியின் தூய்மை, பாதுகாப்பு, பராமரிப்பு ஆகியவற்றைக் கவனிப்பதற்காகத் தாமே அமைத்துக்கொள்ளும் தன்னார்வ அமைப்பு ஆகும். இந்திய நகரங்களிலும் அவற்றின் புறநகர்களிலும் இவ்வமைப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. இவை உள்ளாட்சி அமைப்புகள் அல்ல. வரி விதிக்கவோ தண்டனை வழங்கவோ இவற்றுக்கு அதிகாரம் கிடையாது. உறுப்பினர் சந்தா, கூட்டு முறையீடு, தன்னார்வ உழைப்பு ஆகியவையே இவற்றின் வலிமை. இக்கட்டுரை பெரும்பாலும் சென்னைப் புறநகர்ச் சங்கங்களைப் பற்றியது.

தோன்றிய சூழல்

சென்னையின் புறநகர்களில் வேளாண் நிலங்கள் மனைப்பிரிவுகளாக மாறியபோது, வீடுகள் முதலில் வந்தன; சாலை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவை பின்னரே வந்தன. ஊராட்சிகளாகவும் பேரூராட்சிகளாகவும் இருந்த இப்பகுதிகளின் வருவாய், பெருகிவந்த மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்கவில்லை. இந்த இடைவெளியிலேயே பல சங்கங்கள் உருவாயின.

1989 ஆம் ஆண்டில் எம். பி. நிர்மல் என்ற வங்கி அலுவலர் சென்னையில் எக்ஸ்னோரா அமைப்பைத் தொடங்கினார். ஒரு தெருவினர் ஒன்றுசேர்ந்து மாதக் கட்டணம் செலுத்தி, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஊழியரை அமர்த்தும் முறையை இவ்வமைப்பு பரப்பியது. தெரு அளவிலான மக்கள் அமைப்பு என்ற கருத்து சென்னையில் வேரூன்ற இது பெரிதும் உதவியது.

பின்னர் புறநகர்களின் நிர்வாக அமைப்பும் மாறியது. 2011 இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஆவடி 2019 இலும், தாம்பரம் 2021 இலும் மாநகராட்சிகள் ஆயின.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் இச்சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு செய்யக் குறைந்தது 7 உறுப்பினர்கள் தேவை. பொதுக்குழு ஆண்டுதோறும் கூடிக் கணக்குகளை ஏற்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட செயற்குழு அன்றாடப் பணிகளைக் கவனிக்கின்றது.

அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கம் இதிலிருந்து வேறுபட்டது. அதற்குத் தனிச்சட்டம் உண்டு. மின்தூக்கி, மொட்டை மாடி போன்ற பொதுச் சொத்து அதன் உறுப்பினர்களுக்கு உரியது. தெருச் சங்கத்துக்கோ அத்தகைய சொத்து இல்லை. அது பராமரிக்க முனையும் சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்கு உரியவை. எனவே, செய்யப்படாத பணிகளைச் செய்யுமாறு உள்ளாட்சியைக் கேட்பதே அதன் முதன்மைப் பணியாக அமைகின்றது.

பணிகள்

பராமரிப்பு: குப்பை அகற்றல், மழைநீர் வடிகால் தூர்வாரல், பழுதான தெருவிளக்குகளைப் பற்றி முறையிடல், மரம் நடுதல் முதலியவை வழமையான பணிகள். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் வழங்கின.

பொது நிலம் காத்தல்: பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்காகத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். வேலியின்றி விடப்படும் இந்நிலங்கள் ஆக்கிரமிக்கப்படுவதுண்டு. மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 இன் வழியாகப் பெற்று, ஒதுக்கீட்டு நிலத்தை அடையாளம் காண்பது சங்கங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று.

பாதுகாப்பு: இரவுக் காவலரை அமர்த்தல், தெருமுனைகளில் கண்காணிப்புப் படக்கருவிகளைப் பொருத்தல், பூட்டிய வீடுகளைப் பற்றிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்குமாறு உறுப்பினர்களைத் தூண்டல் ஆகியவை இதில் அடங்கும். சென்னைப் பெருநகரக் காவல்துறை முன்னெடுத்த 'மூன்றாவது கண்' திட்டத்தில், படக்கருவிகளை நிறுவும் செலவைப் பல இடங்களில் குடியிருப்போரும் வணிகரும் ஏற்றனர். இருள் சூழ்ந்த தெரு, புதர் மண்டிய காலி மனை, மூடியில்லாத வடிகால் ஆகியவை விபத்துக்கும் குற்றத்துக்கும் வழிவகுப்பதால், பராமரிப்பையும் பாதுகாப்பையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது.

நீர்நிலையும் வெள்ளமும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அதன்பின் வெள்ளநீர் வடியும் பாதைகளை அமைக்குமாறு கோருவது இப்பகுதிச் சங்கங்களின் முதன்மைக் கோரிக்கையாயிற்று. சிட்லப்பாக்கத்தில் குடியிருப்பாளர்கள் தன்னார்வக் குழுவாகத் திரண்டு ஏரியில் குப்பை கொட்டப்படுவதையும் கழிவுநீர் கலப்பதையும் எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தனர். 2019 இல் தமிழ்நாடு அரசு இவ்வேரியின் சீரமைப்புக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

உள்ளாட்சியுடன் உறவு

உள்ளாட்சியின் கடமையை நினைவூட்டிய முன்னோடி வழக்கு மத்தியப் பிரதேசத்தில் எழுந்தது. ரத்லாம் நகராட்சியின் ஒரு பகுதியினர் திறந்த சாக்கடையையும் துர்நாற்றத்தையும் எதிர்த்துத் தொடுத்த வழக்கில், நிதியின்மையைக் காரணம் காட்டி நகராட்சி தன் கடமையிலிருந்து விலக முடியாது என 1980 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1992 இல் நிறைவேறிய 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களுக்கு வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடைபெறவில்லை. தெருவின் குறையைக் கேட்க மாமன்ற உறுப்பினர் எவரும் இல்லாத இக்காலத்தில், அதிகாரிகளிடம் முறையிடும் பணி பெரிதும் சங்கங்களின் மீது விழுந்தது. 2022 இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வெளியிடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பங்கேற்றார்.

சங்கம் உறுப்பினர்களை மட்டும் சார்ந்தது. பகுதி சபையோ அப்பகுதி வாக்காளர் அனைவரையும் சார்ந்தது. இதுவே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஆகும்.

திறனாய்வுகள்

இச்சங்கங்கள் நடுத்தர வகுப்பு வீட்டு உரிமையாளர்களின் குரலை மட்டும் ஒலிக்கின்றன என்பது ஆய்வாளர் பலர் முன்வைக்கும் குறை. பல சங்கங்களில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு வாக்குரிமை இல்லை. அருகிலுள்ள குடிசைப் பகுதியினரும் தெரு வணிகரும் உறுப்பினராவதில்லை. சில நேரங்களில் அவர்களை அகற்றுவதே சங்கத்தின் கோரிக்கையாகி விடுகின்றது. பாதுகாப்பின் பெயரால் பொதுச்சாலையில் கதவு அமைத்தல், வீட்டு வேலை செய்வோரை மட்டும் ஐயத்துடன் நோக்கிப் பதிவு செய்தல் ஆகியவையும் கண்டிக்கப்படுகின்றன. பொதுச்சாலை அனைவருக்கும் உரியது என்பதால், அதனை மூடும் உரிமை சங்கத்துக்கு இல்லை.

சந்தா செலுத்தாதோரும் விளக்கு, காவல் ஆகியவற்றின் பயனை அடைவதால், செலுத்துவோரின் ஊக்கம் குறைவது மற்றொரு சிக்கல். பொறுப்புகள் ஓய்வுபெற்ற சிலரின் தோளிலேயே தங்கிவிடுவதும், இளையோர் பங்கேற்காமையும் பல சங்கங்கள் செயலிழக்கக் காரணமாகின்றன. கணக்குகளைப் பொதுக்குழுவில் வெளிப்படையாக வைப்பதும், வாடகைதாரரையும் பெண்களையும் செயற்குழுவில் சேர்ப்பதும் இக்குறைகளைக் களையும் வழிகளாகக் கருதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

உள்ளாட்சி
தாம்பரம் மாநகராட்சி
திடக்கழிவு மேலாண்மை
தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005