தனிக்குரலும் பிறர் வாக்கியமும்

ஒரே ஆள் நடத்தும் பத்திரிகைக்கு ஒரு தனி முகம் வந்துவிடுவது எப்படி? 'ஆளுமை', 'நடை' என்று ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் விமர்சன வழக்கம். எழுதுகிறவனுக்குள் முன்கூட்டியே இருக்கிற ஏதோவொன்று தாளில் வழிந்து இறங்குகிறது என்கிற பழைய நம்பிக்கைதான் இது. வியன்னாவில் கார்ல் க்ரவுஸ் நடத்திய 'டி ஃபாக்கல்' (தீப்பந்தம்) பத்திரிகையின் சரித்திரம் இந்த நம்பிக்கையைக் கலைத்துப்போடுகிறது.

1899 ஏப்ரலில் அதைத் தொடங்கியபோது க்ரவுஸுக்கு 25 வயதுகூட நிறையவில்லை. ஆரம்பத்தில் ஸ்ட்ரிண்ட்பெர்க், கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் போன்ற பிறரும் அதில் எழுதினார்கள். 1911 இறுதியிலிருந்து, அபூர்வமான விலக்கு தவிர, எல்லாப் பக்கமும் அவரே. 1936 வரை 922 எண்கள். குறித்த தேதிக்கு வந்தே தீரவேண்டும் என்பதெல்லாம் கிடையாது. சொல்ல விஷயம் இருந்தால் வரும். பல எண்களைச் சேர்த்து ஒரே தடித்த இதழாகவும் வரும்.

சரி, ஒற்றை ஆள் எழுதிய அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் என்னதான் இருந்தது? வேடிக்கை என்னவென்றால், அதில் கணிசமான பகுதி பிறர் எழுதியது. செய்தி, தலையங்கம், விளம்பரம் எதையும் அப்படியே வெட்டியெடுத்து, ஒரு தலைப்போ நாலு வரியோ சேர்த்துப் போடுவார். 1921இல் ஒரு சுவிஸ் நாளிதழில் வெர்டன் போர்க்களத்துக்குச் சுற்றுலா என்று விளம்பரம் வந்தது. சாப்பாடு, ஒயின், காபி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 117 ஃபிராங்க். லட்சக்கணக்கானவர்கள் செத்தும் ஊனப்பட்டும் போன மண் அது. க்ரவுஸ் அந்த விளம்பரத்தை மறுபிரசுரம் செய்து தன் எதிர்வினையையும் சேர்த்தார். விளம்பரத்தின் சொற்கள் மாறவில்லை, அவை நின்ற இடம்தான் மாறியது. காலைப் பேப்பரில் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்த வாக்கியம் இங்கே தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்கிறது.

வால்டர் பெஞ்சமின் 1931இல் க்ரவுஸ் பற்றி எழுதிய கட்டுரையில், மேற்கோள் ஒரே சமயத்தில் சொல்லை மீட்கிறது, தண்டிக்கவும் செய்கிறது என்ற பொருளில் பேசுகிறார். ஆக, இங்கே 'குரல்' என்பது ஒருவகைக் கேட்டல். எதைக் கேட்கிறோம், எதைக் கேட்டுவிட்டுச் சும்மா போக மறுக்கிறோம் என்கிற தேர்வுதான் அந்தப் பத்திரிகையின் முகம். அதிகாரம் அதைச் சரியாகவே புரிந்துகொண்டது. அவருடைய பிரதான இலக்கான 'நோயெ ஃப்ரையெ ப்ரெஸ்ஸெ' நாளிதழ் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவர் பெயரையே அச்சேற்றாமல் விட்டது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. எதிரியின் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்வரைதான், சொன்னதைத் திருப்பிக் காட்டினால் அவன் கூசுவான் என்றிருக்கும்வரைதான், மேற்கோள் வேலை செய்யும். 1933இல் ஹிட்லர் வந்தபோது அந்த இடைவெளி இல்லாமல்போனது. செய்யப்போவதைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டே செய்தார்கள். அந்த அக்டோபரில் 'ஃபாக்கல்' வெறும் 4 பக்கங்களோடு வந்தது. லோஸின் கல்லறையில் பேசிய உரை, தன் மௌனம் பற்றிய சின்னக் கவிதை, அவ்வளவுதான். அதே வருஷம் நாஜிகளைப் பற்றி ஒரு நூலே எழுதி முடித்திருந்தும் அவர் அதை நிறுத்தி வைத்தார். தன் எழுத்துக்காக ஜெர்மனியில் இருப்பவர்கள் பழிவாங்கப்படலாம் என்ற அச்சம் அவருக்கு. அது முழுநூலாக வெளிவந்தது 1952இல், அவர் இறந்து 16 வருஷம் கழித்து.

1934 ஜூலையில் பத்திரிகை ஏன் வரவில்லை என்பதை விளக்கவே 300 பக்கத்துக்கு மேல் எழுதினார். அதில் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் செய்த டோல்ஃபுஸை, ஹிட்லரைத் தடுக்கும் சுவராகக் கருதி ஆதரித்தார். தொழிலாளர்கள் மீது பீரங்கி வைத்துச் சுட்ட அரசு அது. இடதுசாரி வாசகர்கள் விலகிப்போனார்கள். பிறர் வாக்கியத்தின் பொய்யைத் தோலுரித்த காது, தான் நம்பிய அரசின் வாக்கியத்துக்கு வந்தபோது மந்தமாகிவிட்டது.

தனித்தன்மையைக் கொண்டாடும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒற்றை ஆளின் காது, ஒரு நகரத்தின் பத்திரிகைகள் முழுவதும் கேட்க மறுத்ததைக் கேட்டது. அந்தக் காது தவறியபோது, அதைத் திருத்த இன்னொரு காது பத்திரிகைக்குள் இருக்கவில்லை.